நவம்பருக்கு நகர்த்தப்பட்ட ஹார்மன் மாமா

லெம்மர்,
நவம்பர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பும் பொறுமையும் மிக்க மருமகள் நின்கேவுக்கு,

(பொறுமை உண்டா இல்லையா என்பது இந்தக் கடிதத்தை நீ முடிக்கும்போது தெரிந்துவிடும்.)

உன் தாய்மாமன் ஹார்மன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஹிஸ்கேயும் மழைக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னால் அறிக்கை கொடுக்கிறது. நீயும், உன் அம்மா வில்மாவும், சோபாவைப் பிறாண்டும் உங்கள் பூனையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கடிதம் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்காக. அவ்வளவு பெரிய தாளில் நட்டநடுவே மூன்று வரி, சுற்றிலும் வெள்ளை, கீழ் மூலையில் ஒரு வாத்து. மீதிக் கடிதம் பின்பக்கத்தில் இருக்கும் என்று திருப்பினேன். அங்கேயும் வெள்ளை. உறைக்குள் கையை விட்டுத் துழாவினேன். உன் அத்தை என் கையிலிருந்து பிடுங்கி அந்த மூன்று வரியைச் சத்தமாகப் படித்தாள். "மாமா, எனக்கு வரைய ரொம்பப் பிடிக்கும். கிராஃபிக் டிசைன் படிக்கப் போகட்டுமா? நீங்க சரின்னா சரின்னு அம்மா சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும்." வெள்ளிக்கிழமை ஏன் என்பதை உன் அம்மாதான் போனில் சொன்னாள். அன்றைக்குக் கல்லூரியில் பெயர் பதிவு முடிகிறது, அதே நாளில் உன் காப்பீட்டு அலுவலகம் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்து கேட்கிறது, ஒன்றில் போட்டால் இன்னொன்று போய்விடும். வாழ்க்கையே புரளப்போகிற விஷயத்தை ஒரு வாத்தின் பக்கத்தில் மூன்று வரியில் எழுத உன்னால்தான் முடியும்.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. என் பதில்: வேண்டாம். அலுவலகத்தில் கையெழுத்துப் போடு. இந்த ஒரு சொல்லோடு முடித்துவிட்டுத் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பவன் மாமனாக இருக்க முடியாது என்று எழுந்து, ஜன்னல் வரை போய், தபால்காரி வருகிறாளா என்று பார்த்து, வரவில்லை என்றதும் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஏப்ரலிலிருந்து எனக்கு ஒரு நாற்காலியும் சரிப்படவில்லை. படகுகளுக்காகத் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கும் குடிலில் அத்தனை வருஷம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்த மனிதனுக்கு இப்போது வீட்டில் ஆறு நாற்காலி இருந்தும் ஒன்றிலும் கால் மணி நேரம் தங்கவில்லை. "உக்காருங்க, இல்ல நில்லுங்க. நடுவுல தொங்காதீங்க" என்கிறாள் உன் அத்தை.

காரணத்துக்கு வருகிறேன். காரணம் எங்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது. போன டிசம்பரில், சிந்தர்கிளாஸ் தாத்தா பேரில் பரிசு கொடுக்கும் நாளில், குடும்பத்தின் அத்தனை வீட்டுக்கும் நீயே வரைந்து, நீயே அச்சடித்துக் கொடுத்த பிறந்தநாள் காலண்டரைச் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு வேதப் புத்தகம் அலமாரியில் இருக்கும், எப்போதாவது திறப்பார்கள். பிறந்தநாள் காலண்டர் கழிப்பறையில் இருக்கும், தினமும் எதிரே உட்கார்ந்து ஊன்றிப் படிப்பார்கள், யாரும் கூப்பிடாமலே அதைப் பார்த்துத்தான் வாழ்த்த வருவார்கள். அதில் கிழமை கிடையாது, வருஷம் கிடையாது, தேதியும் பேரும் மட்டும்தான், அதனால் அது பழசாவதும் கிடையாது. ஒரு முறை ஆணியில் ஏறிவிட்டால் ஒரு தலைமுறைக்கு இறங்காது. எங்கள் பழைய காலண்டர் ஈரத்தில் ஆகஸ்ட் மாதம் முழுவதும் கரைந்து போன பிறகும் தொங்கிக்கொண்டிருந்தது, ஆகஸ்டில் பிறந்தவர்களை நாங்கள் உத்தேசமாக வாழ்த்திக்கொண்டிருந்தோம். அந்த ஆணியில்தான் உன் காலண்டர் ஏறியது. அழகாக இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜனவரியில் பனிச்சறுக்குக் காலணி, ஏப்ரலில் ஆட்டுக்குட்டி, ஜூலையில் பாய்மரப் படகுகளின் நெரிசல். நவம்பரில் மூடுபனி, கால்வாய், தூக்கி நிற்கும் பாலம், பாலத்தடியில் என் குடில், குடிலுக்குள் என் முதுகு, கையில் தூண்டில் கழி, கழியின் நுனியில் படகுக்காரர்கள் பாலக்காசு போடுவதற்காக நான் நீட்டுகிற கட்டைச் செருப்பு. எல்லாம் சரி. ஆனால் அந்த மூடுபனிக்குக் கீழே பதினான்காம் தேதிக்கு நேராக "ஹார்மன்" என்று எழுதியிருந்தாய். நான் பிறந்தது ஜூலை ஒன்பது.

அப்போதே உன்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன், ஞாபகம் இருக்கும்.

"மாமா, ஜூலைல நம்ம வீட்டு ஆளுங்க பதினோரு பேரு. ஒரே தள்ளுமுள்ளு. நவம்பர்ல ஒருத்தர்கூட இல்ல. படம் வேற நல்லா வந்துடுச்சு. பக்கம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. யாராவது ஒருத்தர் அங்க போய்த்தான் ஆகணும்."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"உங்க பேரு சின்னது மாமா. அந்த எடத்துல கச்சிதமா உக்காந்துச்சு."

ஜூலையில் ஏன் பதினொரு பேர் என்றால், அக்டோபரில் இந்த ஊர் மழைக்கு வேறு என்னதான் செய்வது என்று உன் அத்தை கேட்பாள். அதையெல்லாம் நான் மருமகளுக்கு எழுதமாட்டேன். சொல்லவந்தது என்னவென்றால், நான் அப்போது பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். என் பிறந்தநாள் எனக்குத் தெரியும், சொந்தபந்தத்துக்குத் தெரியும், ஒரு படம் என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

என்ன செய்தது என்று கேள். நான் பாலத்தில் இருந்த காலம் முழுவதும் என் பிறந்தநாள் குடிலிலேயே கழிந்தது உனக்குத் தெரியும். ஜூலை என்றால் படகுகள் வாத்துக்கூட்டம் மாதிரி வரிசையில் நிற்கும், பாலத்துக்காரனுக்கு விடுப்பு ஏது? இந்த வருஷம்தான் முதன்முறையாக ஜூலை ஒன்பதில் நான் வீட்டில் இருந்தேன். முதல் நாளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன், பக்கத்து வீட்டுப் பௌமா அம்மாவிடம் இன்னும் நான்கு வாங்கி வந்து வட்டத்தைப் பெரிதாக்கினேன். உன் அத்தை ஆப்பிள் கேக் இரண்டு சுட்டாள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பத்து மணியிலிருந்து காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பதினொன்றுக்குப் பௌமா அம்மா மட்டும் வந்தாள், ஏனென்றால் அவள் நம் குடும்பம் இல்லை, அவள் கழிப்பறையில் உன் காலண்டர் இல்லை. "வாழ்த்துகள் ஹார்மன்" என்றாள், பிறந்தநாள்காரனோடு கூட இருக்கிறவர்களையும் வாழ்த்தும் நம் முறைப்படி "வாழ்த்துகள் ஹிஸ்கே" என்றாள், பிறகு வட்டத்தில் இருக்கிற மற்றவர்களையும் வாழ்த்த வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தாள், ஒருவரும் இல்லாததால் எங்கள் நாயின் காலைக் குலுக்கி அதையும் வாழ்த்தினாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் மானத்தை விட்டு உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் பிரான்சில் ஏதோ கூடார மைதானத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வில்மா, இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?"

"வியாழக்கெழமை. ஏண்ணா?"

"என் பிறந்தநாள்."

"உங்க பிறந்தநாள் நவம்பர்ல இல்ல வருது?"

"வில்மா, நான் பொறந்த தேதி எனக்குத் தெரியாதா?"

"தெனமும் காலைல எதுக்கதான பாக்கறேன், பனியும் பாலமுமா. வெயில்ல ரொம்ப நிக்காதீங்கண்ணா. தண்ணி நெறைய குடிங்க."

கூடப் பிறந்தவள் இப்படிச் சொல்கிறாள். நான் பிறந்தபோது அவள் பிறக்கவில்லை என்பதால் சாட்சிக்கும் உதவமாட்டாள். மதியம் கேக்கை நானும் அத்தையும் பௌமா அம்மாவும் தின்றோம், மீதியை வாத்துகள் தின்றன. எனக்கு அன்று அழுகை வந்தது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வந்தது.

சங்கடம் அதோடு நிற்கவில்லை. அண்ணனுக்குச் சொந்தப் பிறந்தநாளே மறந்துபோய்விட்டது என்று உன் அம்மா கூடாரத்திலிருந்தபடியே குடும்பம் முழுக்கத் தந்தி அடித்துவிட்டாள். ஆகஸ்டில் ஒவ்வொருவராகப் போன் செய்து, மெதுவான குரலில், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல் செப்டம்பரில் உன் அத்தை என்னை டாக்டர் சீட்சேயிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் உன் அப்பா வழியில் பெண் எடுத்தவர், ஆக அவர் வீட்டுக் கழிப்பறையிலும் நீதான் தொங்குகிறாய். ஞாபக சக்திக்கு ஒரு சோதனை வைத்தார். இந்த வருஷம் எது, நாம் எந்த ஊரில் இருக்கிறோம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். "பிறந்த தேதி?" என்றார். "ஜூலை ஒன்பது" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் அத்தையைப் பாவமாகப் பார்த்தார்.

"டாக்டர், உங்க கோப்புலயே இருக்கும், பாருங்க" என்றேன்.

பார்த்தார். "ஆமா, ஜூலைன்னுதான் போட்டிருக்கு" என்று தாடையைச் சொறிந்தார். "ஆனா வீட்ல வேற மாதிரி பாத்த ஞாபகம். கோப்பைத் திருத்தணும் போலருக்கு."

உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கைப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் அழவில்லை.

இந்த இடத்தில் மறுபடி எழுந்து வாசல் வரை போய்வந்தேன். தபால்காரி வந்தாள், நமக்கு ஒன்றும் இல்லை.

காலண்டர் ஒன்றை வைத்து மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் அத்தையின் பாட்டுக் குழுவுக்கு நீ செய்துகொடுத்த சுவரொட்டி என்ன ஆயிற்று? பெரிய வெள்ளைத் தாள், வலது மூலையில் கடுகளவு எழுத்தில் நாளும் இடமும். "வெள்ளை இருந்தாத்தான் மாமா கண்ணு மூச்சு விடும்" என்றாய். ஊர்க்காரர்களின் கண்ணும் மூச்சுவிட்டது. இவ்வளவு நல்ல வெற்றுத் தாளை யாரோ வீணாக ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, மளிகைக் கடை வாசலில் ஒருவன் அதன்மேலேயே தன் பூனையைக் காணவில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தான். கச்சேரிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பூனையைப் பார்த்ததாகச் சொல்ல வந்தவர்கள். இதை நான் சொல்லும்போதெல்லாம் உன் அத்தை உன் கட்சிதான். "பூனை கெடச்சுச்சுல்ல?" என்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் சொல்வதாக இல்லை. கல்லூரி யோசனையை உன் அம்மா அக்டோபரிலேயே என் காதில் போட்டுவிட்டாள். தெரியாத இடத்துக்குப் பெண்ணை அனுப்பக்கூடாதே என்று, குரோனிங்கனில் அந்தக் கல்லூரி ஊராருக்குக் கதவைத் திறந்துவிடும் நாளில், உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஏறி ரயில் மாறி நானே போனேன். ஆதாரம் இருக்கட்டும் என்று காலண்டரைக் கழற்றி, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டேன். உள்ளே நுழைந்தால் ஆண், பெண் அத்தனை பேரும் கறுப்பு உடை. யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது, தெரியாமல் வந்துவிட்டோமே என்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு எழுத்து, அதுவும் பாதி. பக்கத்தில் நின்ற பையனிடம் மீதி எங்கே என்று கேட்டேன். "மீதிய நீங்க மனசுல போட்டுக்கணும்" என்றான். பாதி வேலையை என்னிடம் தள்ளிவிட்டு முழுப் பாராட்டை அவன் வாங்கிக்கொள்கிறான். பிறகு நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு ஆசிரியையைப் பிடித்தேன்.

"என் மருமகளுக்கு வரையறதுன்னா உசுரு. இங்க எவ்வளவு வரையச் சொல்லித் தருவீங்க?"

"வரையறதா? மொதல் வருஷம் எழுத்தை நகர்த்தக் கத்துக்குவாங்க."

"எங்க நகர்த்தறது?"

"கொஞ்சம் எடது பக்கம். கொஞ்சம் வலது பக்கம்."

"அப்புறம்?"

"பெரும்பாலும் பழைய எடத்துக்கே வந்துரும்."

"நீங்க கடைசியா எப்ப வரைஞ்சீங்க?"

அந்த அம்மாள் கூரையைப் பார்த்து யோசித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுருட்டியதை மேசைமேல் விரித்தேன். "நகர்த்தறதப் பத்திச் சொல்றீங்களா? இதப் பாருங்கம்மா. இவ எழுத்தை நகர்த்தல, ஆளையே நகர்த்திட்டா. பொறந்த தேதியோட சேத்து நாலு மாசம் தள்ளி வச்சிருக்கா!" அவர் ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். நவம்பரில் நின்றார். நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன், அவர் பக்கத்தைத் திருப்புகிற வழியாக இல்லை.

"இந்தப் பக்கம் நல்லா நிக்குது" என்றார்.

"நிக்கும் நிக்கும். ஆனா நான் அங்க பொறக்கவே இல்ல."

"தேதி தப்பு. பக்கம் சரி" என்றார், ஏதோ வழக்கில் தீர்ப்புச் சொல்வதுபோல. பிறகு குடிலுக்குள் இருக்கும் முதுகைத் தொட்டார். "இது யாரு?"

"நான்தான்."

"இந்த முதுகை யாரோ ரொம்ப நாள் பக்கத்துல உக்காந்து பாத்திருக்காங்க. அவங்கள வரச் சொல்லுங்க."

வரச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னதை உன்னிடம் சொல்லமாட்டேன் என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். ஆனால் அந்த அம்மாளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் உன் அம்மா வேலைக்குப் போகும்போது உன்னை என் குடிலில் விட்டுவிட்டுப் போவாள். எனக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து நீ பென்சிலும் கையுமாக இருப்பாய். நான் படகுகளைப் பார்ப்பேன், நீ என் முதுகைப் பார்ப்பாய். அதனால்தான் உனக்கு என் முதுகு நன்றாக வருகிறது.

இனி மெய்யான காரணத்துக்கு வருகிறேன். உன் வயதில் எனக்குப் பாய்மரப் படகு என்றால் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில்தான் தண்ணீர்ப் பக்கத்து வேலை வேண்டும் என்று பாலத்தில் சேர்ந்தேன். சேர்ந்தபின் படகு என்பது வரிசை ஆகிவிட்டது, மணி அடிப்பது ஆகிவிட்டது, "ஐயா எவ்வளவு நேரம் நிக்கறது" என்று கத்துகிற வாய் ஆகிவிட்டது. எத்தனையோ ஜூலைகள் பாலத்தைத் தூக்கி அடுத்தவன் படகுக்கு வழிவிட்டேன். எனக்கென்று ஒரு படகு வாங்கவில்லை, அடுத்தவன் படகில்கூட ஏறவில்லை. பிடித்த ஒன்றின் பக்கத்திலேயே வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்து அதைத் தொடாமலே வந்துவிட்டேன் நின்கே. நீயும் அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள் நடுவில் எழுத்தை இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே இருந்து, கடைசியாக எப்போது வரைந்தாய் என்று யாராவது கேட்டால் கூரையைப் பார்ப்பாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் யாரும் உன் பென்சிலைத் தொடமாட்டார்கள். அங்கே ஃபைலின் ஓரத்தில் நீ வாத்து வரையலாம்.

நவம்பர் பதினான்கைப் பற்றியும் எழுதிவிட்டால் என் முறையீடு முடிந்தது. நீயும் அங்கே இருந்தாய், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தாய், எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவது என்று சபதம் போட்டிருந்தேன். "நீங்க போங்க. வர்ற கேக்கை நான் வாங்கி வச்சுக்கறேன்" என்றாள் உன் அத்தை. மேல்கோட்டில் ஒரு கையை நுழைத்தபோது மணி அடித்தது. வெளியே அச்சு அசல் உன் படத்தில் இருப்பதுபோல மூடுபனி, அதற்குள்ளிருந்து உன் அம்மா, அவள் பின்னால் டாக்டர் சீட்சே குடும்பம், அவர்கள் பின்னால் அத்தை வழி, சித்தப்பா வழி என்று ஒரு ஊர்வலம். நவம்பரில் யார் எங்கே போகப்போகிறார்கள்? கூடாரம் இல்லை, கடற்கரை இல்லை, எல்லாரும் வந்துவிட்டார்கள். வட்டமாகப் போட்ட நாற்காலி கூடத்தில் கொள்ளாமல் நடைவழியில் நெளிந்து சமையலறைக்குள் போய் முடிந்தது. மாடிப்படியில் ஆளுக்கொரு படி. எல்லாரும் எல்லாரையும் வாழ்த்தி முடிப்பதற்குள் முதல் சுற்றுக் காபி ஆறிப்போயிற்று. பிறகு ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போனார்கள், வெளியே வரும்போது "ஆமா, இன்னிக்குத்தான்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். பொறுக்கமுடியாமல் நான் எழுந்து நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க. இன்னிக்கு என் பிறந்தநாள் இல்ல."

உன் அம்மா சீட்சேயின் முழங்கையைத் தொட்டாள். "டாக்டர், கொஞ்சம் பாருங்க."

"மொதல்ல கேக்கை வெட்டுங்க" என்றாள் உன் அத்தை. "எந்தத் தேதியில பொறந்தா என்ன, பசிக்குதுல்ல எல்லாருக்கும்?"

பாட ஆரம்பித்துவிட்டார்கள். நடைவழியில் இருந்தவர்கள் ஒரு வரி பின்தங்கிப் பாடினார்கள். உன் அத்தையை விட்டால் அங்கே உண்மை தெரிந்த ஒரே ஆள் நீ. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ காகிதக் கைத்துண்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டு தலை நிமிரவே இல்லை.

ஆகவே, மேலே சொன்ன காலண்டர், சுவரொட்டி, பூனை, டாக்டர், கறுப்புச் சட்டை, இத்தனையையும் சேர்த்துப் பார்த்து உன் தாய்மாமனாக நான் திட்டவட்டமாகச் சொல்வது: வரையப் பிடிக்கும் என்பதற்காக ஒருத்தி கிராஃபிக் டிசைன் படிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடு. இதில் மாற்றம் இல்லை.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். நீ எங்கிருந்தாலும் உடம்பில் தெம்பும், கையில் கூரான பென்சிலும், காலில் ஈரம் ஏறாத காலணியும் இருக்க வேண்டும் என்று நானும் அத்தையும் வாழ்த்துகிறோம். நாயும்.

இப்படிக்கு,
ஜூலை ஒன்பதில் பிறந்த உன் மாமா,
ஹார்மன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்து எழுதுகிறேன். காலையில் இதை எழுத உட்காரும் முன்னாலேயே உன் அம்மாவுக்குப் போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு ஏன் இவ்வளவு எழுதினீர்கள் என்று உன் அத்தையும் கேட்கிறாள். ஒரு பேச்சுக்கு எதிர்க்காமல் விட்டால் இந்த மனுஷன் யோசிக்காமலே சரி சொல்லிவிட்டான் என்று ஆகிவிடும். நான் ரொம்ப யோசித்தேன். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளைப் பௌமா அம்மா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. உன் அத்தை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வயதில் அப்படியொரு பிறந்தநாள் எனக்கு வந்ததில்லை, ஜூலையில் இருந்திருந்தால் வந்திருக்கவும் போவதில்லை. நீ அந்தக் காலண்டர் பக்கம் நன்றாக நிற்பதற்காக நகர்த்தினாயோ எனக்காக நகர்த்தினாயோ, நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே. வெள்ளிக்கிழமை குரோனிங்கன் போ. அங்கே எழுத்தை எங்கே வேண்டுமானாலும் தள்ளு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு ஏதாவது வரைந்து அனுப்ப வேண்டும், வாத்து என்றாலும் போதும், நின்றுபோனால் நான் பஸ் ஏறிவிடுவேன். வசந்தத்தில் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள என் பெயரைக் கொடுத்திருக்கிறேன், உன் அம்மாவிடம் சொல்லாதே, டாக்டரை அனுப்புவாள். காலண்டரில் தேதியைத் திருத்த வேண்டாம். உன் அத்தை பிப்ரவரியில் பிறந்தவள், அவள் பிறந்தநாளுக்கும் பனியில் யாரும் வருவதில்லை, நவம்பரில் என் பக்கத்தில் இன்னும் வெள்ளை இருக்கிறது, பார்த்துச் செய். நீ விட்டுப்போன காகிதக் கைத்துண்டைக் கேக் தட்டுக்கு அடியில் கண்டெடுத்தேன். அதில் என் முகம் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் பெரிது. அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்தக் குடிலில் இருக்கிறவனைத் திருப்பி உட்கார வை. தண்ணீரைப் பார்த்தது போதும், ஆட்கள் வந்துவிட்டார்கள்.